அறிந்ததை மறைக்கலாமா?



நாம் எழுத்தாளரல்ல. ஓதியது மதரஸாவில், எழுதப் படிக்கக் கற்றது தமிழ்ப் பள்ளியில், ஆறாம் வகுப்பு வரையில். அதற்கப்பால் நமக்குப் பாடம் சொன்னவை தராசும் பேரேடும்தாம். ஆகையால் விஞ்ஞான விஷயத்தில் நாம் பேனாவை எடுத்தது கண்டு சிலர் நகைக்கலாம். நகைத்துவிட்டுப் படிக்கட்டும். நாம் சொல்ல வந்தது விஞ்ஞானிகளின் கணக்கையல்ல. நமது சொந்தக் கணக்கை.

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸருக்குப் பிறகு கல்லூரி மாணவி ஒருத்தி நமது மளிகைக் கடைக்கு வந்தாள். சோயாப் பயறு ஒரு கிலோ கேட்டாள். நிறுத்துக் கட்டும் வேளையில், "இது மரபணு மாற்றிய பயறா, சாதாரணப் பயறா?" என்றாள். நாம் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "நல்ல சரக்கு, தைரியமாக வாங்கிப் போ" என்று சொல்லிக் காசை வாங்கிப் போட்டோம். அவள் போன பிறகுதான் உறைத்தது: அவள் கேட்டதற்கு நாம் பதில் சொல்லவேயில்லை. நமக்குத் தெரியாது என்பதே உண்மை. தெரியாததைத் தெரிந்தவர் போலச் சொல்லி விற்றுவிட்டோம்.

காசைப் போட்ட அதே கல்லாப் பெட்டியின் அடித்தட்டில் மடித்த தாள் ஒன்று பல ஆண்டுகளாகக் கிடந்தது. அதில் எழுதியிருந்தது நமக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லாமலிருந்தோம். அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். முதலில் இந்த மரபணு என்பது யாதென்று நமக்குப் புரிந்த மட்டில் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு பேரேடுகள்

ஒவ்வொரு மனிதனின் உடலிலும், கண்ணுக்குத் தெரியாத ஒவ்வோர் அணுவறையிலும், இரண்டு பேரேடுகள் இருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். ஒன்று தகப்பன் தந்தது. மற்றொன்று தாய் தந்தது. கண்ணின் நிறம் என்ன, இரத்தத்தை எவ்வாறு ஆக்குவது என்பன போன்ற குறிப்புகள் இரண்டிலும் உள்ளன. அந்த ஒவ்வொரு குறிப்புக்கும் மரபணு என்று பெயர். ஒரு பேரேட்டில் ஒரு வரி பிழையாக இருந்தாலும், மற்றதில் சரியாக இருந்தால் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். இரண்டிலும் அதே வரி பிழையானால்தான் சங்கடம்.

இந்த உண்மையை முதலில் கணக்கெடுத்துக் கண்டவர் மெண்டல் என்ற பாதிரியார். தமது மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை இணைத்து வளர்த்து, எத்தனை நெட்டை, எத்தனை குட்டை என்று எண்ணி எழுதி 1866-ல் வெளியிட்டார். உலகம் அவரைக் கவனிக்க இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1953-ல் வாட்சன், கிரிக் என்ற இருவர், ரோசலிண்ட் பிராங்ளின் என்ற பெண்மணி எடுத்த படங்களின் துணையோடு, அந்தப் பேரேடு முறுக்கிய ஏணி போன்ற டி.என்.ஏ. என்னும் பொருளில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டனர். அதன்பின் அதைப் படிக்கக் கற்றார்கள். பிறகு வெட்டவும் ஒட்டவும் கற்றார்கள். படிப்பது வரை எவருக்கும் ஆட்சேபணையில்லை. வெட்டி ஒட்டத் தொடங்கியபோதுதான் சர்ச்சை பிறந்தது.

நம்மில் பலர் உண்ட உபகாரம்

இந்த வித்தையைக் கேட்டவுடன் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று காதைப் பொத்திக் கொள்ளும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் நாம் பணிவோடு ஒன்று கேட்கிறோம். நமது ஜமாஅத்தில் இனிப்பு நீர் வியாதி இல்லாத குடும்பம் எத்தனை? இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் கடைக்காரர் எத்தனை பேர்?

இன்சுலினை 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள் கண்டுபிடித்தனர். அதற்குப் பின் 60 ஆண்டுகள் அந்த மருந்து மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்துமே எடுக்கப்பட்டது. உயிர் காக்க வேறு வழியில்லாத நிர்ப்பந்தம் என்று உலமாக்கள் சலுகை காட்டினாலும், போட்டுக் கொண்டவர்களின் மனம் உறுத்திக் கொண்டுதான் இருந்தது. அந்த உறுத்தலைத் தீர்த்தது எது? 1978-ல் மனிதனின் இன்சுலின் குறிப்பை எடுத்து ஒரு நுண்கிருமிக்குள் வைத்தார்கள். கிருமி மனித இன்சுலினை ஆக்கித் தந்தது. 1982-ல் அமெரிக்க அரசாங்கம் அதை மருந்தாக அங்கீகரித்தது. இன்று நாம் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் மிகப் பெரும்பகுதி இந்த வகைதான். எந்த வித்தையைக் கண்டு அஞ்சுகிறோமோ, அதுவே பன்றியின் உறுப்பிலிருந்து நம்மை விடுவித்தது.

வியாபாரிகளான நாம் இதில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இன்சுலினைக் கண்டவர்கள் 1923-ல் அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். உயிர் காக்கும் பொருளில் ஒருவர் மட்டும் கொழுக்கக் கூடாதென்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தை இன்றைய மருந்துச் சந்தையில் விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

படைப்பை மாற்றுவதாகாதா?

இறைவனின் படைப்பை மாற்றத் தூண்டுவது ஷைத்தானின் வேலை என்ற எச்சரிக்கை திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாம் ஃபத்வா கொடுக்கத் தகுதியுடையவரல்ல. தகுதியுடையவர்கள் சொன்னதைத்தான் எடுத்துச் சொல்ல முடியும்.

1998-ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை இதை ஆராய்ந்தது. நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் இந்த வித்தையைப் பயன்படுத்தலாம். பயிரிலும் கால்நடையிலும் தீங்கு நேராதபடி பயன்படுத்தலாம். மனிதனின் தன்மையோடு விளையாடவும், தீய நோக்கத்துக்கும் கூடாது என்பது அதன் சாரம். மறு ஆண்டு, 1999-ல், மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு பன்றியின் டி.என்.ஏ.யைக் கொண்டு ஆக்கப்படும் உணவும் பானமும் பொருள்களும் ஹராம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே வித்தை முழுவதையும் தள்ளவுமில்லை, முழுவதையும் கொள்ளவுமில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் ஆண் பேரீச்சம் பூவைப் பெண் பாளையில் வைத்துக் கட்டுவதைக் கண்டார்கள். அதனால் பயனிருக்கும் என்று தோன்றவில்லை என்று சொல்ல, மக்கள் விட்டுவிட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குறைந்தது. அப்போது, உங்கள் உலகத் தொழிலை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தில் நாயகம் அவர்கள் சொன்னதாக ஹதீஸில் படிக்கிறோம். மரத்தோடு மரம் சேர்க்கும் தொழிலைப் பற்றியே வந்த வார்த்தை அது என்பதை எண்ணும்போது நமது அச்சம் பாதி நீங்குகிறது.

மீதிப் பாதி அச்சம் நீங்கக் கூடாது என்பதும் நம் கருத்து. 1999-ல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையின் பரீட்சைக்கு உடன்பட்ட 18 வயது வாலிபர் ஒருவர் அதனாலேயே மாண்டார். 2018-ல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி, கருவிலேயே மரபணுவை வெட்டித் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். உலக விஞ்ஞானிகளே வெகுண்டனர். மறு ஆண்டு அவருக்கு மூன்று ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நோயாளியைக் குணப்படுத்துவது ஒன்று. கேட்டுச் சம்மதம் பெற முடியாத, இன்னும் பிறக்காத தலைமுறையின் பேரேட்டில் கை வைப்பது வேறொன்று.

பயறும் கத்தரிக்காயும்

மாணவி போன பிறகு நாம் மொத்த வியாபாரியிடம் விசாரித்தோம். மூட்டை அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்காவில் விளையும் சோயாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மரபணு மாற்றியது. 1996 முதல் அங்கே பயிராகிறது. களைக்கொல்லி தெளித்தால் களை மடியும், பயிர் மடியாது. அதற்காக மண்ணிலுள்ள ஒரு நுண்கிருமியின் குறிப்பை அதில் சேர்த்திருக்கிறார்கள். நாம் விரும்பி உண்ணும் தவ்ஹூவும் தெம்பேயும் சோயாப் பாலும் இந்தப் பயறிலிருந்து வந்திருக்கலாம்.

கத்தரிக்காய்க்கும் இதே கதை. காயைக் குடையும் புழு தின்றதும் சாகும்படி, மண்கிருமி ஒன்றின் குறிப்பைக் கத்தரியில் சேர்த்தார்கள். இந்திய அரசாங்கம் 2010-ல் அதை நிறுத்தி வைத்தது. பங்களாதேஷ் 2013-ல் அனுமதித்தது, மறு ஆண்டே உழவர்கள் நட்டார்கள். ஒரே காய், பக்கத்துப் பக்கத்து நாடு, இரண்டு தீர்ப்பு! பிலிப்பைன்ஸில் இன்னும் விநோதம். வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் கண்ணிழப்பதைத் தடுக்கவென்று ஆக்கிய பொன்னிற அரிசிக்கு அந்நாடு 2021-ல் அனுமதி தந்தது. 2024-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்துச் செய்தது.

இத்தகைய உணவை உண்டால் கெடுதி உண்டா? அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2016-ல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சி அறிக்கை, சாதாரண உணவைவிட இதனால் அதிகத் தீங்கு நேர்வதற்குச் சான்றில்லை என்றது. ஆக, விஷத்தை விற்கிறோம் என்ற பயம் நமக்கு வேண்டியதில்லை. சச்சரவு வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க உழவர் ஒருவர் தம் நிலத்தில் விளைந்த சோயாவை அடுத்த போகத்துக்கு விதையாக்கிக் கொண்டார். விதைக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தது. பணம் கொடுத்து வாங்கிய விதையின் பிள்ளையும் விற்றவனுக்கே சொந்தமாம்! மறு மாதமே அதே நீதிமன்றம், மனித உடலில் இயற்கையாக உள்ள மரபணுவுக்கு எவரும் தனியுரிமை கோர முடியாது என்றும் தீர்த்தது. மனிதன் தப்பினான், உழவன் தப்பவில்லை.

நிற்க. நமது கடைக்கு வருவோம். பயறு நல்லதானால் அது எத்தகையதென்று சொல்லத் தயக்கம் ஏன்? நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தியை அறியாத வியாபாரி நம்மில் இல்லை. விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றார் விற்றவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். நனைந்ததை விற்காதே என்று அங்கே சொல்லப்படவில்லை. மறைத்து விற்காதே என்றே சொல்லப்பட்டது. வாங்குபவர் பார்த்து, விலை பேசி, வேண்டுமானால் வாங்கட்டும்.

மலேசியாவில் 2010-ல் உணவு விதிகளைத் திருத்தி, மரபணு மாற்றிய உணவுக்கு அவ்வாறே சீட்டுப் போட வேண்டுமென்று விதித்தார்கள். ஆனால் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக அள்ளிக் கொடுக்கும்போது, மூட்டையின் சீட்டு மூட்டையோடு போய்விடுகிறது. அதற்குப் பிறகு சீட்டு நம் நாவுதான். "இது மரபணு மாற்றிய வகை, தீங்கென்று சான்றில்லை, வேண்டாமென்றால் வேறு வகை இருக்கிறது, விலை சற்று அதிகம்" என்று இப்போது சொல்லி வருகிறோம். சிலர் வேறு வகையை வாங்குகிறார்கள். பலர் பழையதையே வாங்குகிறார்கள். வியாபாரம் குறையவில்லை.

கல்லாப் பெட்டியில் கிடந்த தாள்

இனி அந்தத் தாள். இதை எழுதுவதற்கு முன் இதில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டோம். "எழுதுங்கள் அத்தா, நாலு பேருக்கு உதவட்டும்" என்று முதலில் சொன்னவள் நம் மகள்தான்.

மலேசியாவில் 2016 முதல் நான்காம் படிவப் பிள்ளைகளின் இரத்தத்தைத் தலசீமியா நோய்க்காகச் சோதிக்கிறார்கள். நம் மகளின் இரத்தத்தை 2018-ல் எடுத்தார்கள். முடிவை வாங்க நாம் தனியே போனோம். அவள் 'கேரியர்' என்று தாதி எடுத்துச் சொன்னார். அதாவது, இரண்டு பேரேடுகளில் ஒன்றில் இரத்தக் குறிப்பு பிழையாக இருக்கிறது. அவளுக்கு நோயில்லை, வரவும் வராது. ஆனால் அவளைப் போன்ற மற்றொரு கேரியரை மணந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து. நம் காது கேட்டது, மனம் கேட்கவில்லை. 'பெண் பிள்ளை, இது வெளியே தெரிந்தால் யார் வருவார்?' என்பதே நம் நினைப்பு. தாளை மடித்துக் கல்லாப் பெட்டியின் அடியில் வைத்தோம். வீட்டில், "இரத்தம் கொஞ்சம் குறைவாம், முருங்கைக்கீரை கொடு" என்று சொல்லி முடித்துவிட்டோம்.

சென்ற ஆண்டு மச்சான் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நம் மனைவியின் மூத்த சகோதரர் மகன். தாய்மாமன் வீடு, பார்த்துப் பழகிய பிள்ளை, நல்ல குணம். மறுக்கக் காரணமேயில்லை. அதே வாரத்தில்தான் அந்த மாணவி சோயாப் பயறைப் பற்றிக் கேட்டாள். பயறு விஷயத்தில் உறுத்திய மனம் பிள்ளை விஷயத்தில் எப்படி உறங்கும்? மூன்று இரவு தூங்காமல், நான்காம் நாள் தாளை எடுத்து மனைவியிடமும் மகளிடமும் காட்டினோம்.

மகள் அழவில்லை. தாளை இருமுறை படித்தாள். "அத்தா, இது என் இரத்தம். இந்தத் தாள் என்னுடையது. இதை நீங்கள் யாரிடமிருந்து மறைத்தீர்கள்? ஊரிடமிருந்தா, என்னிடமிருந்தா?" என்று கேட்டாள். அதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

நாலில் ஒன்று

தலசீமியா யாதென்று சுருக்கமாகச் சொல்கிறோம். தாய் தகப்பன் இருவரும் கேரியரானால், ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பிழைப் பேரேடுகளையும் பெற 4-ல் 1 பங்கு வாய்ப்புண்டு. நாலு பிள்ளையில் ஒன்றுக்கு வரும் என்று இதைத் தவறாகக் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகிறது. நாலும் தப்பலாம், முதலிரண்டுமே அகப்படலாம். கடுமையான தலசீமியாவில் அகப்பட்ட குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை, வாழ்நாள் முழுதும், பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்திலுள்ள இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனி மருந்து. முன்பெல்லாம் இரவு முழுதும் தோலுக்கடியில் ஊசி குத்தி வைத்துச் சிறு பம்பினால் ஏற்றுவார்கள். இப்போது வாய்வழி மருந்தும் உண்டு.

மச்சானிடம் சென்று விஷயத்தைச் சொன்னோம். மச்சான் வெகுநேரம் பேசவில்லை. அவர் வீட்டுப் பெரியவர் ஒருவர், "நாடியது நடக்கும். இரத்தச் சோதனை பார்த்து நிக்காஹ் செய்வது தவக்குலுக்கு விரோதமல்லவா?" என்றார். நாம் உமர் (ரலி) அவர்களின் செய்தியை நினைவூட்டினோம். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்று கேட்டு அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். இறைவனின் விதியை விட்டா ஓடுகிறீர் என்று அபூ உபைதா (ரலி) கேட்க, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்குப் போகிறோம் என்ற பொருளில் விடையளித்தார்கள். அறிவும் அவன் தந்ததே. அதைக் கொண்டு பார்ப்பதும் அவன் விதிக்குள்ளேதான்.

மச்சானின் மகன் தானாகவே சென்று சோதித்துக் கொண்டான். அவனும் கேரியர்! பிறகு நாமும் மனைவியும் சோதித்துக் கொண்டோம். மகளுக்கு வந்தது தாய்வழியில்தான். ஒரே குடும்பத்தின் பேரேடு மகன் வழியிலும் மகள் வழியிலும் இறங்கி, மறுபடியும் ஒரே வீட்டில் சேர இருந்தது. சொந்தத்தில் மணப்பது மார்க்கத்தில் ஆகுமானதே. அதை நாம் குறை கூறவில்லை. சொந்தத்தில் மணக்கும்போது இரு பேரேடுகளிலும் ஒரே பிழை இருக்க இடம் அதிகம். ஆதலால் பார்த்துக் கொள்வது அதிகம் அவசியம் என்று மட்டும் சொல்கிறோம்.

அந்தப் பேச்சு நின்றது. பிள்ளைகள் இருவரும் தாமே கலந்து பேசி, வேண்டாமென்று முடிவெடுத்தார்கள். வற்புறுத்தியவர் எவருமில்லை. மச்சான் வீட்டோடு சில மாதம் போக்குவரவு குறைந்தது. நம் மனைவி தம் சகோதரரின் வீட்டுக்குப் போக முடியாமல் பெருநாளன்று அழுததை நாம் பார்த்தோம். உண்மை பேசினால் உடனே நன்மை விளையும் என்று நாம் எழுத மாட்டோம். உண்மைக்கு விலை உண்டு. அதை நாம் கொடுத்தோம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தால், இரு குடும்பத்துக்கும் இந்த ஆசையே பிறந்திராது. அந்த விலையில் பாதி நமது மறைப்பினால் ஏறியது.

மனிதன் சரக்கல்ல

இங்கேதான் நமது தராசு பொய்த்தது என்பதைச் சொல்ல வேண்டும். நனைந்த தானியத்தைப் போலக் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணியே நாம் மச்சான் வீட்டுக்குப் போனோம். சொன்னது சரி; எண்ணியது பிழை. நம் மகள் நனைந்த தானியமல்ல. மலேசியாவில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் தலசீமியா கேரியர் என்கிறார்கள். அவர்கள் உண்டு, உழைத்து, பிள்ளை பெற்று நெடுநாள் வாழ்கிறார்கள். இது இவ்வளவு பரவியிருப்பதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் விசித்திரமானது. ஒரு பேரேட்டில் மட்டும் இந்தப் பிழையுள்ளவர்களை மலேரியாக் காய்ச்சல் எளிதில் கொல்வதில்லை. 1949-ல் ஹால்டேன் என்ற அறிஞர் முதலில் இதை ஊகித்தார். கொசுவும் காய்ச்சலும் மலிந்த நாடுகளில் நம் முன்னோர் பிழைத்திருக்க இதுவும் ஒரு கேடயம். அன்று காத்ததை இன்று களங்கம் என்பது நன்றியாகுமா?

இன்னொரு வேற்றுமையும் உண்டு. சரக்கின் குறையைச் சந்தையில் எல்லோரும் அறியச் சொல்லலாம். மனிதனின் இரத்தச் செய்தி அப்படியல்ல. அது யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டுமே சொல்ல வேண்டிய அமானத். மச்சான் வீட்டில் பேசியது எவர் வழியாகவோ கசிந்தது. ஒரு வாரத்தில், "அந்தக் கடைக்காரர் மகளுக்கு இரத்த நோயாம்" என்று தெருவில் பேச்சு. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, நாம் வருவதைக் கண்டு பேச்சை நிறுத்திக் கொண்டவர்களும் உண்டு. அவர்கள் பெயரை எழுதப் போவதில்லை. பல ஆண்டுகள் நாம் தாளை ஒளித்தது இந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான். ஆகவே சகோதரர்களே, மறைப்பவனை மட்டும் குற்றவாளி ஆக்காதீர்கள். புறம் பேசும் தெருவும் அவனோடு சேர்ந்து மறைக்கிறது.

நாம் கண்ட முடிவு இதுதான். உண்பவன் உண்ணுமுன் கேட்டால், பயறின் உண்மை அவனுக்குச் சொந்தம். இரத்தத்தின் உண்மை முதலில் அந்த உடலுக்குரியவருக்குச் சொந்தம், பின், அவரோடு வாழ்வைப் பிணைக்க வருபவருக்குச் சொந்தம், வேறெவருக்கும் சொந்தமில்லை. சொல்ல வேண்டியவரிடம் மறைப்பது வஞ்சகம். சொல்லக் கூடாதவரிடம் சொல்வது துரோகம்.

செய்யக் கூடியது

ஈரான் 1997 முதலும், சவூதி அரேபியா 2004 முதலும் மணமக்களுக்கு இந்த இரத்தச் சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன. சவூதியில் சோதனைதான் கட்டாயம். முடிவு தெரிந்த பின் மணப்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம். இது நமக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. அறிவைக் கொடு, முடிவை அவரிடம் விடு.

நோய்க்குத் தீர்வும் வந்து கொண்டிருக்கிறது. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற கத்தரிக்கோலுக்காக டூட்னா, ஷார்பான்டியே என்ற இரு பெண்மணிகள் 2020-ல் நோபல் பரிசு பெற்றனர். அதைக் கொண்டு தலசீமியாவுக்கு ஒரு சிகிச்சையைப் பிரிட்டன் 2023 நவம்பரில் அங்கீகரித்தது. குழந்தை கருப்பையில் இருக்கும்போது வேறு வகை இரத்தச் சத்தை ஆக்கிக் கொள்ளும். பிறந்தபின் அந்த ஊற்று அடைபட்டுவிடும். நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுவறைகளை வெளியே எடுத்து, அடைபட்ட அந்த ஊற்றை மறுபடியும் திறந்து, உடலிலேயே திருப்பி வைக்கிறார்கள். ஸுப்ஹானல்லாஹ்! ஆனால் அமெரிக்காவில் அதன் விலை ஒரு நோயாளிக்கு 22 இலட்சம் டாலர். அன்று இன்சுலினை ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள் என்பதை மறுபடி நினையுங்கள். வித்தை ஹலாலா என்று கேட்கும் நாம், இந்த விலை ஹலாலா என்றும் கேட்க வேண்டும்.

அந்த விலை இறங்கும் வரையில் நோயுற்ற பிள்ளைகள் வாழ்வது பிறர் கொடுக்கும் இரத்தத்தால்தான். நமது சங்கம் பெருநாள் விருந்துக்கு ஆடு அறுக்கிறது, நல்லது. ஆண்டுக்கு இருமுறை இரத்ததான முகாமும் நடத்தட்டும். இது நமது முதல் கோரிக்கை. இரண்டாவது, பெண் பார்க்கப் போகுமுன், ஜாதகம் பார்க்காத நமது சமூகத்தில், பிள்ளைகள் இரத்தத்தைப் பார்த்துக் கொள்ளும் வழக்கம் வரட்டும். பேச்சு முற்றி மனம் ஒட்டிய பின் அல்ல, அதற்கு முன்பே. மூன்றாவது, பெற்றோர் எவரேனும் இத்தகைய தாளை எங்கேனும் மடித்து வைத்திருந்தால், இன்றிரவே எடுத்து உரியவர் கையில் கொடுங்கள்.

நம் மகளுக்கு இப்போது வேறிடத்தில் பேச்சு நடக்கிறது. முதல் சந்திப்பிலேயே அவளே எடுத்துச் சொல்லிவிட்டாள். பையன் சோதித்துக் கொள்கிறேன் என்றான். முடிவு இன்னும் வரவில்லை. மச்சான் சென்ற வாரம் கடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார். வந்ததே போதும்.

அந்தத் தாள் இப்போது கல்லாப் பெட்டியில் இல்லை, மகளிடம் இருக்கிறது.

வஸ்ஸலாம்.